நெடி ஏறினால்தான் வீடு சுத்தமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வயது 34. வேலைக்குப் போகிறார். வீட்டில் கணவர், 3 வயதுப் பையன், 71 வயது மாமியார். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் சுத்தம் செய்வதிலேயே போகிறது. தரைக்கு, கழிப்பறைக்கு, சமையல் மேடைக்கு, கண்ணாடிக்கு என்று தனித்தனியாக 11 திரவங்கள் வாங்கி வைத்திருக்கிறார். பெரிய கேனில் வாங்கி, பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைத்துப் பயன்படுத்துகிறார். இவ்வளவுக்குப் பிறகும் மாதம் ஒருமுறையாவது வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி. பையனுக்கு அடிக்கடி இருமல், இழுப்பு. குளியலறைச் சுவரில் கரும்புள்ளிகள் துடைக்கத் துடைக்க வருகின்றன.

போன மாதம், கழிப்பறையின் மஞ்சள் கறை போகவில்லை என்று டாய்லெட் கிளீனரை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றியிருக்கிறார். கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி வெளியே ஓடி வந்திருக்கிறார். "மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் உள்ளே போய்த் தேய்த்து முடித்தேன். இரண்டு நாள் நெஞ்சு வலித்தது" என்கிறார்.

விடுமுறை நாளில் பெரிய பாத்திரத்தில் மூன்று, நான்கு நாளைக்குச் சமைத்துவிடுவதாகவும், "சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டுப்போகும்" என்பதால் இரவு முழுவதும் மேடையில் ஆறவிட்டுக் காலையில் உள்ளே வைப்பதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவர் கேட்பது மூன்று: இன்னும் வீரியமான மருந்து எது? வினிகர், சமையல் சோடா போன்ற இயற்கை வழிக்கு மாறிவிடலாமா? "சுத்தம் போதவில்லை, அதனால்தான் குழந்தைக்கு உடம்பு படுத்துகிறது" என்று மாமியார் சொல்கிறாரே, நான் என்ன தவறு செய்கிறேன்?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டில் சுத்தம் குறைவாக இல்லை. அளவுக்கு மேலேயே செய்கிறீர்கள், ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி நோய் வராத இடங்களில் செலவாகிறது. நோய் வரும் இடமாக நான் சந்தேகிப்பது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த அந்த ஒரு வரியை. அதற்கு முன் கழிப்பறையில் நடந்ததைப் பேசியாக வேண்டும். அது மீண்டும் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

கழிப்பறையில் அன்று என்ன நடந்தது?

கறை நீக்கும் டாய்லெட் கிளீனர்கள் பெரும்பாலும் அமிலம், பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் திரவம் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அது கண், தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து மறுபடியும் அமிலமாக மாறித் திசுவை அரிக்கும். நீங்கள் உணர்ந்தது மருந்தின் வீரியம் அல்ல, நச்சு வாயு. அது காற்றைவிடக் கனமானது. சின்னக் குளியலறையில் தரையோடு தங்கி நிற்கும். குனிந்து தேய்ப்பவரின் முகமும், வாசலில் நிற்கும் 3 வயதுக் குழந்தையின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

நெடி குறைந்ததும் திரும்ப உள்ளே போனீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். மூக்கு பழகிவிட்டால் நெடி குறைந்தது போலத் தோன்றும், வாயு அங்கேயே இருக்கும். எப்போதாவது தவறிக் கலந்துவிட்டால் ஃபிளஷ் செய்யவோ பாட்டிலை மூடவோ நிற்காமல் வெளியே வாருங்கள். போகிற வழியில் திறக்க முடிந்த சன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் நல்ல காற்றுக்கு அழைத்துப் போங்கள். வேறு எதையாவது ஊற்றிச் "சரிசெய்ய" முயல வேண்டாம். மூச்சிரைப்பு, விடாத இருமல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. குளோரினால் நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், "இப்போது தேவலை" என்று அந்த நாளைத் தனியாகக் கழிக்கக் கூடாது.

உங்களுக்கு இரண்டு நாள் நெஞ்சு வலித்திருக்கிறது. இப்போதும் இருமலோ, படியேறும்போது இரைப்போ, இரவில் விசில் சத்தமோ இருந்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். இப்படிப்பட்ட வாயுவை ஒரே ஒருமுறை அதிகமாகச் சுவாசித்தாலும் அதன் பிறகு ஆஸ்துமா போன்ற தொல்லை தொடங்குவது உண்டு. நடந்ததை மறைக்காமல், எதை எதோடு கலந்தீர்கள் என்று அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

சரி, அந்த மஞ்சள் கறை ஏன் போகவில்லை? அது பெரும்பாலும் கடின நீரின் உப்புப் படிவு, கொஞ்சம் இரும்புக் கறையும் இருக்கலாம். பிளீச் அதன் நிறத்தை மங்கச் செய்யலாம், படிவைக் கரைக்காது. படிவைக் கரைப்பது அமிலம். அதையும் பீங்கானில் நிறையத் தண்ணீர் நிற்கும்போது ஊற்றினால் நீர்த்துப்போகும். எனவே பிரஷ்ஷால் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மட்டத்தைக் குறைத்துவிட்டு, கறை மேல் அமிலக் கிளீனரை மட்டும் ஊற்றுங்கள். லேபிளில் சொன்ன நேரம், வழக்கமாக 10 முதல் 20 நிமிடம், கதவைச் சாத்திவிட்டு வெளியே இருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். பிறகு தேய்த்து ஃபிளஷ் செய்தால் போதும். சிட்ரிக் அமிலப் பொடி கிடைத்தால் இன்னும் நல்லது, நெடி இருக்காது. இரவு போட்டுக் காலையில் தேய்க்கலாம். பழைய படிவு ஒரே தடவையில் போகாது, வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதே நாளில் பிளீச் வேண்டாம். பளிங்குத் தரை இருந்தால் எந்த அமிலமும் அதன் மேல் சிந்தக் கூடாது, வினிகரும்கூட. கல்லின் மெருகை அரித்துவிடும்.

பிளீச்சோடு சேரக்கூடியது தண்ணீர் மட்டும்

இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் போதும், எதோடு எது சேரும் என்ற பட்டியல் தேவைப்படாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின். அம்மோனியா உள்ள கண்ணாடிக் கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின், அதுவும் நுரையீரலைத் தாக்கும். ஸ்பிரிட்டோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள். வினிகரும் அமிலம்தான், அதோடும் கூடாது. சிறுநீரில் அம்மோனியா உண்டு என்பதால், பையன் நனைத்த பாயிலோ துணியிலோ நேராகப் பிளீச் ஊற்றுவதற்கு முன் தண்ணீர்விட்டு நன்றாக அலசிவிட வேண்டும்.

அளவும் முக்கியம். லேபிளில் 5 சதவீதம் என்றிருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி., அதாவது 4 டீஸ்பூன். கிருமி நீக்கத்துக்கு இது போதும். சமைத்த உணவு படும் மேடை, பலகை ஆகியவற்றுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு: லிட்டருக்கு 4 மி.லி., ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. வாந்தி, பேதி சிந்திய இடத்துக்கு மட்டும் லிட்டருக்கு 100 மி.லி. வரை போகலாம். முதலில் கையுறை போட்டு, தூக்கி எறியக்கூடிய காகிதத்தாலோ துணியாலோ வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு பிளீச் கரைசலை ஊற்றி 5 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஊற்றியதும் துடைத்துவிட்டாலும் பயனில்லை. "போட்டும் பலனில்லை" என்று பலர் சொல்வதற்கு இந்த இரண்டும்தான் காரணம், மருந்தின் வீரியக் குறைவு அல்ல.

கரைக்க வெந்நீர் வேண்டாம். சூட்டில் பிளீச் சிதைந்து ஆவியும் கிளம்பும். கரைத்தது ஒரு நாளுக்கு மேல் நிற்காது. ஸ்பிரே பாட்டிலில் கரைத்து வைத்து ஒரு மாதம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கடைசியில் அடிப்பது உப்புத் தண்ணீரைத்தான். கேனும் வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும். பழசாக ஆக, மூடியைத் திறக்காமலே அதன் வீரியம் குறைந்துகொண்டே வரும்.

தினமும் எல்லா இடத்திலும் பிளீச் போட வேண்டிய வீடு எதுவும் இல்லை. யாருக்காவது தொற்றுநோய் வந்தபோது, பச்சை இறைச்சிச் சாறு சிந்தியபோது, கழிப்பறைக்கு வாரம் ஒருமுறை. மற்ற நேரத்தில் சோப்புத் தண்ணீர் போதும். சோப்பு கிருமியைக் கொன்றால்தான் பயன் என்றில்லை, பிசுக்கோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். கை கழுவுவதற்கும் இதுவே. சாதாரண சோப்பு, 20 விநாடி, விரல் இடுக்கும் நக அடியும். "ஆன்டி பாக்டீரியல்" என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதால், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை வீட்டு உபயோகக் கைச் சோப்புகளில் சேர்ப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் நிறுத்தியது.

வினிகரும் சமையல் சோடாவும்

தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. வினிகர் குழாய் முனையிலும் கெட்டிலிலும் படிந்த உப்பைக் கரைக்கும். சோடா மெல்லத் தேய்க்கவும் துர்நாற்றம் குறைக்கவும் உதவும். இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அந்த நுரை கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர், அமிலத்தின் வேலையும் போய், சோடாவின் வேலையும் போய்விட்ட ஒன்று. கிருமி நீக்கியாக வினிகரை நம்ப வேண்டாம். பேதி வந்த வீட்டில் பிளீச்சுக்கு மாற்றாக அது நிற்காது.

வாந்தி, பேதிக்கு எங்கே தேட வேண்டும்?

இரவு முழுவதும் மேடையில் இருக்கும் அந்தப் பெரிய பாத்திரத்தில் இருந்து தொடங்குவோம். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் உணவுக் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி அந்த இடைவெளியைக் கடக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

சோறு, பாஸ்தா போன்ற மாவுச்சத்து உணவுகளில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பிரச்சினை. அதன் வித்துகள் கொதித்தாலும் சாகாது. ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே சாப்பிட்டோம்" என்பவர்களுக்கும் வாந்தி வருவது இதனால்தான். சமைப்பவரின் கையில் இருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சும் அப்படியே. சூடாக்குவது கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே சுரந்த நச்சை எடுத்துவிடாது.

ஆகவே, அடுப்பில் இருந்து இறக்கி 2 மணி நேரத்துக்குள் உணவு ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். அறையின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சூட்டோடு வைத்தால் கெட்டுப்போகும் என்பது சரியல்ல. கொதிக்கக் கொதிக்க ஒரு முழுப் பாத்திரத்தை வைத்தால் உள்ளே இருக்கும் மற்ற பொருள்கள் சூடாகும் என்பது மட்டும் உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. சமைத்ததை 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். குழம்பு போன்ற கெட்டியான திரவம் என்றால் பாத்திரத்தைச் சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, அவ்வப்போது கிளறி, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். ஆவி அடங்கி வெதுவெதுப்பானதும் மூடி உள்ளே வையுங்கள். டப்பாக்களுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள்.

மேல் மூடியில் ஒரு துண்டு ஒட்டுநாடா, அதில் சமைத்த தேதி. மூன்று, அதிகம் போனால் நான்கு நாள். அதற்கு மேல் தேவை என்றால் முதல் நாளே உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிட வேண்டும். சாப்பிடும் அளவை மட்டும் வெளியே எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் பாதியில் எடுத்துக் கிளற வேண்டும், இல்லையென்றால் ஓரம் கொதித்து நடுவில் குளிர்ந்தே இருக்கும்.

உங்கள் ஃபிரிட்ஜ் உண்மையில் எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்ததுண்டா? திருகில் இருக்கும் 1, 2, 3 டிகிரிக் கணக்கு அல்ல. ஒரு தம்ளர் தண்ணீரில் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுதும் வைத்துக் காலையில் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் காட்டினால் திருகைக் கூட்டுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. கதவுத் தட்டுதான் அதிகம் சூடேறும் இடம், பாலை அங்கே வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். பச்சை இறைச்சி, மீன் இருந்தால் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில். அதன் சாறு கீழே சொட்ட இடம் இருக்கக் கூடாது. கோழி இறைச்சியைக் குழாயடியில் கழுவுவதும் வேண்டாம். தெறிக்கும் தண்ணீர் சிங்க்கைச் சுற்றி இருக்கும் கழுவிய பாத்திரங்கள் மேல் கிருமியைப் பரப்பும். கிருமியைக் கொல்வது சமையல் சூடு.

அடுத்தது ஸ்பாஞ்ச். ஈரம், உணவுத் துகள், வெதுவெதுப்பு மூன்றும் ஒரே இடத்தில். மேடையைத் துடைப்பதாக நினைத்து, அந்தக் கிருமியை மேடை முழுவதும் தடவிவிடுகிறோம். அதற்குப் பதில் ஏழெட்டு மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்று, இரவில் எடுத்துப் போட்டுவிட்டு, வெந்நீரில் துவைத்து முழுதாகக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மேடைக்கும் தரைக்கும் ஒரே துணி கூடாது. ஸ்பாஞ்ச்தான் வசதி என்றால் ஒவ்வொரு முறையும் பிழிந்து நிமிர்த்தி வையுங்கள், வாடை வந்த அன்றே தூக்கி எறியுங்கள்.

இனி யாருக்காவது வாந்தி வந்தால் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்: எப்போது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், வேறு யார் சாப்பிட்டார். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் திடீரென வாந்தி, அதையே சாப்பிட்ட இன்னொருவருக்கும் அப்படியே என்றால் உணவு நச்சு. ஒருவருக்கு வந்து, ஒன்றிரண்டு நாள் கழித்து அடுத்தவருக்கு என்று வரிசையாக வந்தால் நோரோ போன்ற வைரஸ் தொற்று. முதல் வகையில் ஆறவைக்கும் முறையைத் திருத்த வேண்டும், இரண்டாம் வகையில் கை கழுவுதலையும் கழிப்பறையையும். நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான். நோய் வந்தவர், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது. சமைப்பவர் நீங்கள் ஒருவரே என்றால் இது கடினம் என்று தெரியும். அந்த இரண்டு நாளுக்கு உங்கள் கணவர் சமையலறைக்கு வந்தே ஆக வேண்டும்.

மாமியாரின் வயதிலும் பையனின் வயதிலும் உடலில் தண்ணீர் குறைவது வேகமாக நடக்கும். உப்பு, சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். சிறுநீர் குறைந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, மயக்கம் போல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பையனின் இழுப்பு

இதில் உங்கள் பதினொரு பாட்டில்களுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. சுத்தம் செய்யும் ஸ்பிரேக்களை அடிக்கடி பயன்படுத்துபவர்களிடம் ஆஸ்துமாத் தொல்லை அதிகமாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்பிரேயின் நுண்துளி காற்றில் மிதந்து நேராக மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அதே திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைத்தால் அவ்வளவு போகாது. துடைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும், தரை காயும்வரை பையன் வேறு அறையில் இருக்கட்டும். ரூம் ஃபிரெஷ்னரை ஒரு மாதம் முழுதாக நிறுத்திப் பாருங்கள். எதையும் சுத்தம் செய்யாமல், காற்றில் இன்னொரு வேதிப்பொருளைச் சேர்ப்பது மட்டும்தான் அது செய்யும் வேலை.

சுவரின் கரும்புள்ளி பூஞ்சணம். அதற்கு மருந்து தேடுவதைவிட ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குழாய்க் கசிவா, டைல்ஸ் இடுக்கா, வெளிச்சுவரில் மழைத்தண்ணீர் ஊறுகிறதா, குளித்த ஆவி வெளியே போக வழியில்லையா? ஈரம் நிற்கும்வரை பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும். குளித்து முடித்துக் குறைந்தது 20 நிமிடம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், சுவர்த் தண்ணீரை ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். டைல்ஸ் மேல் இருப்பதைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து உலர்த்தினால் போகும். சுண்ணாம்புப் பூச்சு, மரம் போன்றவற்றில் அது உள்ளே வேர்விட்டிருக்கும், மேலே ஊற்றும் பிளீச் அங்கே எட்டாது. அதன் நிறம் மட்டும் வெளுத்துச் சில வாரத்தில் மறுபடி கறுக்கும். அந்தப் பூச்சைப் பெயர்த்துக் காயவைத்து மீண்டும் பூச வேண்டியிருக்கும். ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் நீங்களே சுரண்டாதீர்கள், வேலை நடக்கும் நாளில் பையனை வேறு வீட்டில் வையுங்கள்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சி சாகும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைப் பையன் பக்கத்தில் இல்லாத நேரத்துக்குத் தள்ளி வையுங்கள், அல்லது நேராக ஈர மாப்பால் துடையுங்கள். இழுப்பு அடிக்கடி வருகிறது என்பதால் இதையெல்லாம் செய்தாலும் குழந்தை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய திரவம்

இதை இன்றைக்கே மாற்றுங்கள். நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். 3 வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, பாட்டிலின் வடிவம்தான் தெரியும். கண் பார்வை மங்கிய பெரியவருக்கும் அப்படியே. அமிலமும் காரமும் உணவுக்குழாயை எரித்து, ஆயுள் முழுவதும் விழுங்க முடியாமல் ஆக்கிவிடக்கூடியவை. திரவம் அதனுடைய சொந்தப் பாட்டிலிலேயே, லேபிளோடு, பூட்டக்கூடிய உயரமான அலமாரியில் இருக்க வேண்டும். சிங்க்குக்குக் கீழே வேண்டாம். அமிலமும் பிளீச்சும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மேலே வரும்போது இரண்டாம் முறை எரிக்கும். முறிவு என்று எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் வேறு எதையும் தேடாமல் குழாய் நீரில் இமையை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் கழுவி, பிறகு மருத்துவமனை.

பதினொன்றில் எவை தேவை என்று கேட்டால், பாத்திரம் கழுவும் திரவம், தரைக்கு ஒரு மிதமான சோப்புத் திரவம், பிளீச், படிவுக்கு ஒரு அமிலம். இவ்வளவுதான். மிச்சத்தை ஒரே நாளில் சாக்கடையில் கொட்டித் தீர்க்காதீர்கள், குழாய்க்குள்ளும் அவை கலக்கும். லேபிளில் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பயன்படுத்தித் தீருங்கள். லேபிள் இல்லாமல் எது எதுவென்று தெரியாமல் போனவற்றை மூடி, எழுதி, உங்கள் பகுதியில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மாமியாருக்கு என்ன பதில்?

அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. நோய்க்கும் வீட்டுப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. மறுபாதி, அதாவது நீங்கள் போதுமான அளவு உழைக்கவில்லை என்பது, தவறு. அதை வாதாடி நிறுவ முயல்வதைவிட அந்த நோட்டையும் தெர்மாமீட்டரையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். "அத்தை, ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், டப்பாவில் தேதியும் நீங்களே எழுதிவிடுங்கள்" என்று கேளுங்கள். வீட்டின் மேல் அக்கறை உள்ளவர், பொறுப்பு கிடைத்தால் குறை சொல்வது குறையலாம். பேரனின் உடம்பைப் பற்றிய பயம்தான் அவரை அப்படிப் பேசவைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்கு பேர் வீட்டில் ஒருவர் மட்டும் நாளுக்கு இரண்டரை மணி நேரம் துடைத்துக்கொண்டிருப்பதை நான் ஏற்கவில்லை. தினமும் தேவைப்படுவது சமையல் மேடை, சிங்க், குழாய்த் திருகு, கழிப்பறையின் ஃபிளஷ் பொத்தான், கதவுப்பிடி, குப்பைக் கூடை. இவை 30, 40 நிமிட வேலை. தரை ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மேலே இருந்து கீழே, உலர்ந்தது முதலில் ஈரம் பிறகு, கழிப்பறை கடைசி என்ற வரிசையில் செய்தால் ஒரே இடத்தை இரண்டு முறை தொட வேண்டியிருக்காது. மாப் தண்ணீர் கலங்கியதும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த அழுக்கையே அடுத்த அறைக்குக் கொண்டுபோகிறோம். உணவைப் பிரித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்றுவதையும் கழிப்பறையையும் உங்கள் கணவரிடம் முழுதாக ஒப்படையுங்கள். "உதவி" என்று கேட்டால் நினைவூட்டுகிற வேலை உங்களிடமே இருக்கும். இது அவருடைய வேலை என்று பேசி முடிவுசெய்யுங்கள்.

முதலில் ஆறவைக்கும் முறையையும் பாட்டில்களையும் மாற்றுங்கள், மற்றவை அடுத்தடுத்த வாரங்களில் வரட்டும். இரண்டு மாதம் நோட்டில் குறித்து வந்த பிறகும் வாந்தி, பேதி அதே கணக்கில் தொடர்ந்தால் குடிதண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள், தொட்டி கழுவி எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். பையனுக்காக மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், வீட்டில் இருக்கும் திரவங்களின் லேபிள்களைப் படம் எடுத்தும் கொண்டு செல்லுங்கள். இழுப்பு எந்த நேரத்தில், எந்த வேலை நடந்த பிறகு வந்தது என்பது அவருக்குப் பயன்படும்.